அம்மாவின்ரை முழங்கால் தேய்மானத்துக்குத் தண்ணிக்குள்ளை பயிற்சி: யாழ்ப்பாணத்திலை எங்கை, எப்பிடிச் செய்யிறது?

கோப்பாய் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, ஓய்வுபெற்ற ரீச்சர். பாரம் 72 கிலோ. ரண்டு முழங்காலும் தேய்மானம், வலதுதான் மோசம். எக்ஸ்ரே பாத்த டொக்டர் மூண்டாம் நிலை எண்டு சொன்னவர். ஒப்பரேஷன் இப்ப தேவையில்லையாம். பாரத்தைக் குறைச்சு, பயிற்சி செய்யச் சொன்னவர். ஏலுமெண்டால் தண்ணிக்குள்ளை செய்தால் நோ குறைவாய் இருக்கும் எண்டும் சொன்னவர். எங்கை, எப்பிடி எண்டு கேக்க நேரம் கிடைக்கேல்லை, வெளியிலை அவ்வளவு சனம்.

பயிற்சித் தாள் ஒண்டு தந்தவை. காலை நீட்டி உயர்த்திறது, கதிரையிலை இருந்து எழும்பிறது எண்டு படத்தோடை இருக்கு. அம்மா ஒரு நாள் செய்வா, அடுத்த நாள் முழங்கால் வீங்கிக் கிடக்கும், பிறகு ஒரு கிழமைக்குத் தாளைத் தொடமாட்டா. காலமை கட்டில் விளிம்பிலை இருந்து காலைத் தேச்சுத் தேச்சுத்தான் எழும்புவா. கைதடிச் சித்த ஆஸ்பத்திரியிலை குடுத்த எண்ணெய் பூசுறா, அது பூசின நேரத்துக்குச் சுகம். பிரஷருக்குக் குளிசை போடுறா. சீனி எல்லையிலை நிக்குது. நீந்தத் தெரியாது.

முந்தி நல்லூர்த் திருவிழா 25 நாளும் போவா, அடியழிச்சுக்கொண்டு, அதாவது அடிக்கொருக்கா விழுந்து கும்பிட்டுக்கொண்டு, வீதி சுத்தி வருவா. போன வருஷம் தேரண்டைக்கு வீட்டிலை ரிவியிலை பாத்துக்கொண்டு இருந்து அழுதவ. இந்த முறை அடியழிக்க வேண்டாம், வெளிவீதியை ஒருக்கா நடந்து வந்தால் போதும் எண்டு நிக்கிறா. கனடாவிலை இருக்கிற அண்ணா, அங்கை வயதான ஆக்களுக்கெண்டு சுடுதண்ணித் தடாகம் இருக்கு எண்டு சொல்லுறார். இஞ்சை எங்களுக்கு என்ன வழி? உண்மையிலை இதாலை சுகம் வருமோ? யாராவது செய்து பாத்த ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

மாவிட்டபுரத்தான்:

தங்கச்சி, கீரிமலைத் தீர்த்தக்கேணி பக்கத்திலை இருக்க ஏன் கவலை? பழங்கதையிலை வாற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம் மாறினதே அந்தத் தீர்த்தத்திலைதான். எங்கடை அம்மா வெள்ளிக்கிழமைகளிலை போய் பெண்களின்ரை கேணியிலை கழுத்தளவுக்கு ஊறிக்கொண்டு இருப்பா. அந்த நேரம் முழங்கால் நோ எண்டு ஒண்டு இருந்ததே தெரியாது எண்டு சொல்லுவா. கூட்டிக்கொண்டு போங்கோ, நகுலேஸ்வரரையும் கும்பிட்டுக்கொண்டு வரலாம். ஆடி அமாவாசையண்டைக்கு மட்டும் போகாதேங்கோ, பிதிர்க்கடன் செய்யிற சனத்திலை கால் வைக்க இடம் இராது.

மானிப்பாய் பிசியோ:

பிள்ளை, நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலை பிசியோவா வேலைசெய்து ஓய்வெடுத்தனான். எங்கடை பெண்கள் முழங்கால் நோவை வருஷக்கணக்கா அடக்கிக்கொண்டு இருந்து, நடை நிண்ட பிறகுதான் கிளினிக்குக்கு வருவினம். உங்கடை அம்மாவுக்கு இன்னும் நடை இருக்கு, நடக்கவேணும் எண்ட ஆசையும் இருக்கு. அதாலை கொஞ்சம் நீட்டி எழுதிறன், பொறுமையா வாசியுங்கோ.

மேலை எழுதின ஐயாவின்ரை அம்மாவுக்குக் கேணியிலை நோ தெரியாமல் போனது முழு உண்மை. அவ கழுத்தளவிலை நிண்டிருக்கிறா, அதுதான் காரணம். இடுப்பளவு தண்ணியிலை நிண்டால் காலுக்கு வாற பாரம் ஏறத்தாழ அரைவாசி. நெஞ்சுக்குழி வரைக்கும் எண்டால் மூண்டிலை ஒரு பங்கு. கழுத்தளவெண்டால் பத்திலை ஒண்டுதான் மிச்சம். 72 கிலோ அம்மா நெஞ்சுக்குழி அளவிலை நிக்கேக்கை அவவின்ரை கால் தாங்கிறது 25 கிலோ அளவுதான். தரையிலை சும்மா நடக்கேக்கையே முழங்கால் மூட்டிலை உடம்புப் பாரத்தைப்போலை இரண்டரை மடங்கு விழும். படி இறங்கேக்கை அது மூண்டரை மடங்குக்குப் போகும். தேய்மானக்காரருக்குப் படி ஏறுறதைவிட இறங்கிறது கஷ்டமாய் இருக்கிறதும் அதாலைதான். கடல் தண்ணி இன்னும் கூடத் தூக்கும் எண்டு சொல்லுவினம். தூக்கும்தான், ஆனால் வித்தியாசம் நூற்றிலை ரண்டு மூண்டு வீதம். அதுக்காகக் கடலைத் தேடிப் போகத் தேவையில்லை.

ஆனால் ஊறிக்கொண்டு இருந்திட்டு ஏறினால் அந்தச் சுகம் வீட்டுக்கு வந்து சேர முதல் போயிடும். முழங்காலைத் தாங்கிப் பிடிக்கிறது தொடையின்ரை முன்பக்கத் தசை. நோவெண்டு நடையைக் குறைக்க அந்தத் தசை மெலியும். தசை மெலிய மூட்டு தனிய நிண்டு பாரத்தை வாங்கும், அதாலை நோ இன்னும் கூடும். உங்கடை அம்மா இந்த வட்டத்துக்குள்ளைதான் சுத்திறா. தண்ணி அவவுக்குத் தாறது நோக் குறைஞ்ச ஒரு அரைமணித்தியாலம். அந்த அரைமணித்தியாலத்துக்குள்ளை தொடைத்தசைக்கு வேலை குடுத்தால்தான் பலன்.

எவ்வளவு பலன் எண்டு கேட்டனியள். 2016இலை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பாக்கிற கொக்ரேன் அமைப்பின்ரை ஆய்வுத்தொகுப்பு 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தது, முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 1190 பேர். நோவை 100 புள்ளியிலை அளந்தால், தண்ணிப் பயிற்சி செய்த ஆக்களுக்குச் செய்யாத ஆக்களைவிடச் சராசரியா 5 புள்ளி கூடக் குறைஞ்சிருந்தது. நடக்கிறது, எழும்பிறது மாதிரி அன்றாட அலுவல்களிலையும் அதேயளவு முன்னேற்றம். சின்ன அளவுதான், அதுவும் பயிற்சி முடிஞ்ச கையோடை அளந்தது. தரையிலை செய்யிற பயிற்சிக்கு இதைவிடக் கூடின ஆதாரம் இருக்கு. அதாலை தரையிலை செய்யக்கூடிய ஒருத்தரை நான் காசு செலவழிச்சுத் தண்ணிக்குப் போகச் சொல்லமாட்டன். தரையிலை தொடங்கின கையோடை வீங்கி நிப்பாட்டிற உங்கடை அம்மா மாதிரி ஆக்களுக்குத்தான் தண்ணி. அங்கை தொடங்கி, தசை கொஞ்சம் பிடிச்சாப்பிறகு அதே கதிரைப் பயிற்சிக்குத் திரும்பவேணும். அந்தத் தாளை எறிஞ்சு போடாதேங்கோ.

செய்யிற முறை கஷ்டமில்லை. நெஞ்சுக்குழி அளவு தண்ணியிலை கைபிடிக்குப் பக்கத்திலை நிண்டு முன்னுக்கு நடை, பின்னுக்கு நடை, பக்கவாட்டிலை நடை. இப்பிடி அஞ்சு பத்து நிமிஷம் போக உடம்பு இளகும். பிறகு கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு குதியை உயர்த்தி விரலிலை நிக்கிறது, ஒரு காலைப் பக்கவாட்டிலை விரிச்சு மெல்லக் கொண்டுவாறது, முழங்காலை மடக்கிக் குதியைப் பின்னுக்குக் கொண்டுபோறது. அதுக்குப் பிறகு கதிரையிலை இருக்கப்போறமாதிரிப் பாதிவரை பதிஞ்சு எழும்பிறது. இதுதான் எல்லாத்திலையும் முக்கியம். பதியேக்கை முழங்கால் உள்ளுக்குச் சரியாமல் பெருவிரலுக்கு நேரை நிக்கவேணும். ஒவ்வொண்டும் பத்துத்தரம், ஏலாட்டில் அஞ்சு. தண்ணிக்குள்ளை வேகத்தை இரட்டிச்சால் எதிர்ப்பு நாலு மடங்காகும். அதாலை நோகிற நாளிலை மெல்லமாவும் நல்ல நாளிலை கெதியாவும் செய்தால் போதும், வேறை ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. கிழமையிலை ரண்டு மூண்டு நாள், முதலிலை 15 நிமிஷம், போகப்போக 40 நிமிஷம். செய்யேக்கை கொஞ்சம் நோகலாம். ஆனால் அடுத்த நாள் அதே நேரத்துக்கிடையிலை அந்த நோ அடங்கவேணும். அடங்காட்டில் அடுத்த முறை அரைவாசியாக் குறையுங்கோ, நிப்பாட்டாதேங்கோ.

இப்ப கவனமான விஷயம். கழுத்தளவு தண்ணியிலை நிக்கேக்கை காலிலை இருக்கிற இரத்தம் அரை லீட்டருக்கு மேலை நெஞ்சுப் பக்கம் ஏறும். இருதய வருத்தம் உள்ள ஆக்கள், பிரஷர் கட்டுப்பாட்டிலை இல்லாத ஆக்கள், வலிப்பு உள்ள ஆக்கள் டொக்டரைக் கேக்காமல் இறங்கக்கூடாது. உங்கடை அம்மா பிரஷர்க் குளிசை போடுறபடியால் கட்டாயம் கேளுங்கோ. காலிலை புண், தோல் வருத்தம், காய்ச்சல் இருந்தால் அண்டைக்கு இறங்கவேண்டாம். சீனி எல்லையிலை எண்டால் இறங்க முதலும் ஏறினாப்பிறகும் உள்ளங்காலைப் பாருங்கோ. எண்ணெய் பூசினபடி இறங்கவேண்டாம், படியிலை வழுக்கும். தண்ணிக்குள்ளை நிக்கச் சலம் வாற உணர்வு கூடும், அது இயல்பு. முதலே போட்டு வரச் சொல்லுங்கோ, ஏறினாப்பிறகு தண்ணி குடிக்கக் குடுங்கோ.

ஆக்கள் விழுறது தண்ணிக்குள்ளை இல்லை, ஏறேக்கைதான். அவ்வளவு நேரம் இலேசா இருந்த உடம்பு சட்டெண்டு முழுப்பாரமாகும், தலையும் கொஞ்சம் கிறுகிறுக்கும். அதாலை கடைசிப் படியிலை, முழங்காலளவு தண்ணியிலை, ரண்டு நிமிஷம் இருந்திட்டுத்தான் வெளியிலை வரவேணும். ஒரு ஆள் கீழ்ப்படியிலை பின்னுக்கு நிக்கவேணும்.

இடத்தைப் பொறுத்தவரை, கீரிமலையிலை பெண்களுக்கு மறைப்போடை தனிக் கேணி இருக்கிறது பெரிய உதவி. ஆனால் படியிலை பாசி. எந்த இடத்திலை அம்மாவுக்கு நெஞ்சளவு வரும் எண்டு முதலிலை நீங்கள் இறங்கிப் பாருங்கோ. வல்வெட்டித்துறை ரேவடிப் பக்கத்துத் தடாகம், ரவுணிலை ஹோட்டல் தடாகங்கள் எண்டு யோசிச்சால், போன் பண்ணி மூண்டு விஷயம் கேளுங்கோ: ஆழம் குறைஞ்ச பக்கம் எத்தினை அடி, இறங்கிறது படியோ ஏணியோ, பெண்களுக்குத் தனி நேரம் இருக்கோ. செங்குத்து ஏணி எண்டால் வேண்டாம். இந்த முழங்காலோடை ஏணியிலை ஏறவே ஏலாது.

ஸ்காபரோ தம்பி:

இஞ்சை கனடாவிலை எங்கடை மாமி அப்பிடி ஒரு சுடுதண்ணித் தடாகத்துக்குப் போறவ. தண்ணி 33, 34 பாகையிலை வைச்சிருப்பினம். படி இல்லை, சரிவாக் கட்டின பாதை, ரண்டு பக்கமும் கைபிடி. சக்கரநாற்காலியோடையும் உள்ளுக்கு இறக்கலாம். முதல் மாதம் பெரிய மாற்றம் ஒண்டும் தெரியேல்லை. மூண்டாம் மாதமளவிலைதான் கடைக்குத் தள்ளுவண்டியிலை சாயாமல் நடக்கத் தொடங்கினவ. பிசியோ அக்கா சொன்னமாதிரி வீட்டிலையும் கதிரைப் பயிற்சி செய்யிறவ. செய்யாமல் விட்ட கிழமைகளிலை வித்தியாசம் தெரியும் எண்டு அவவே சொல்லுவா.

காரைநகர் ரீச்சர்:

நான் செய்யிறனான், 63 வயது. நாங்கள் நாலைஞ்சு பெண்கள் சேர்ந்து கசூரினாவுக்குப் போறனாங்கள். சனி ஞாயிறிலை போகமாட்டம், சுற்றுலா வாற பஸ் நிறைய நிக்கும். கிழமை நாளிலை விடிஞ்ச கையோடை போனால் கடற்கரை எங்களுக்குத்தான். அலை குறைவு, அடி மணல். ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும், நெஞ்சளவு வர நல்ல தூரம் உள்ளுக்கு நடக்கவேணும். அந்த நடையே பாதிப் பயிற்சி. ஆனால் முழங்கால் மோசமான ஆளுக்கு அந்தத் தூரம் கஷ்டம், முழங்காலளவு தண்ணியை இழுத்து நடக்கிறதுதான் எல்லாத்திலும் நோகும்.

உடுப்பைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. சோட்டியோடையோ குறுக்குக்கட்டோடையோ இறங்கினால் துணி மிதந்து மேலை வரும், பிறகு காலிலை சுத்தும். நாங்கள் லெகின்ஸும் நீளக் கை ரீசேட்டும், மேலை ஒரு கறுப்புச் சட்டை. என்ரை மாமி முதலிலை முகத்தைத் திருப்பினவ, இப்ப அவவும் அதைத்தான் போடுறா. காலுக்குக் கன்வஸ் சப்பாத்து, கயிறு இறுக்கிக் கட்டுறது. பாட்டாச் செருப்பு மிதந்து போயிடும், வெறுங்காலெண்டால் முருகைக்கல்லோ சிப்பியோ வெட்டும். ஒரு ஆள் எப்பவும் கரையிலை நிக்கிறது எங்கடை சட்டம். கடலிலை சொறி (ஜெலிமீன்) கண்டால் அண்டைக்குப் பயிற்சி இல்லை.

வாடை தொடங்கினால் கடல் எங்களுக்குச் சரிவராது. ஐப்பசி கடைசியிலை நிப்பாட்டி, மாசியிலை திரும்பத் தொடங்குவம். அந்த இடைவெளியிலை முழங்கால் திரும்ப இறுகும். அதுக்கு ஒரு வழி இருந்தால் பிசியோ அக்கா சொல்லுங்கோ.

கோப்பாய் மகள்:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ அக்கா எழுதினதை அம்மாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினனான். படி இறங்கேக்கை மூண்டரை மடங்கு எண்டதைக் கேட்டிட்டு, "அப்ப நான் சும்மா முனகேல்லை" எண்டு சொன்னவ. டொக்டரிட்டைக் கேட்டம், பிரஷர் கட்டுப்பாட்டிலை இருக்கு, செய்யலாம் எண்டவர்.

கீரிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். கடைசிப் படியிலை இருந்து காலை நனைச்சவ, உள்ளுக்கு இறங்கமாட்டன் எண்டிட்டா. சின்ன வயதிலை பக்கத்து வீட்டுக் கிணத்திலை ஒரு பிள்ளை விழுந்ததைக் கண்டவ. அடி தெரியாத தண்ணி எண்டால் அவவுக்கு உடம்பு நடுங்கும். கடலுக்கு ஓம் எண்டு சொல்லவே மாட்டா. ஹோட்டல் ஒண்டிலை கேட்டம், ஏணிதான் இருக்காம்.

எனக்கு ஒரு யோசனை. எங்கடை வாழைத்தோட்டத்திலை அப்பா கட்டின இறைப்புத் தொட்டி ஒண்டு இருக்கு. உள்ளளவு பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடி உயரம். மோட்டர் போட்டால் நிரம்பும், பிறகு அந்தத் தண்ணி வாய்க்காலாலை வாழைக்குப் போகும். சுத்திவர வேலி, ஒருத்தரும் பாக்கேலாது. அம்மாவுக்கு அந்தத் தொட்டி பழக்கம், கல்யாணம் கட்டி வந்த காலத்திலை உடுப்புத் தோய்ச்சது அங்கைதான். அதுக்குள்ளை செய்யலாமோ? இது விசர் யோசனையோ?

மானிப்பாய் பிசியோ:

பிள்ளை, இது அருமையான யோசனை. யாழ்ப்பாணத்திலை தோட்டத்துக்குத் தோட்டம் தொட்டி இருக்கு, நான் வேலைசெய்த காலத்திலை ஒருத்தரும் என்னட்டை இப்பிடிக் கேக்கேல்லை. அம்மாவின்ரை உயரம் எத்தினை அடி? அஞ்சடி எண்டால் நெஞ்சுக்குழிக்கு மூண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலை தண்ணி வேணும். நாலடித் தொட்டியிலை அது நிக்கும். பத்தடி நீளம் நடந்து திரும்பப் போதும். அடி தெரியும், தண்ணி தெளிஞ்சிருக்கும், எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர். பயமுள்ள ஆளுக்கு இதைவிட நல்ல இடம் நான் சொல்லமாட்டன். காரைநகர் ரீச்சர், உங்கடை வாடைக் காலத்துக்கும் இதுதான் வழி, மழை விட்ட நாளிலை செய்யலாம்.

ஆனால் இப்ப இருக்கிறமாதிரி இறக்கவேண்டாம். நாலடிச் சுவரைத் தாண்டிறதுக்கு ஸ்ரூல் வைக்கிறது, ரண்டு பேர் தூக்கி விடுறது ஒண்டும் வேண்டாம். மேசன் ஒருத்தரைப் பிடிச்சு வெளிப்பக்கமும் உள்பக்கமும் படி கட்டுங்கோ. ஒவ்வொரு படியும் அஞ்சு ஆறு அங்குலத்துக்கு மேலை உயரக்கூடாது, முழுப்பாதமும் வைக்கிற அகலம் வேணும். சுவருக்கு மேலை, ரண்டு படியும் சந்திக்கிற இடத்திலை, இருந்து காலைத் திருப்பக்கூடிய அகலத்திலை ஒரு தட்டு. வெளிப்படி தொடக்கம் உள்படி முடியிற வரைக்கும் இடையிலை அறாமல் ஜீ.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) கைபிடி. உள்பக்க நீளச் சுவரிலையும் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலை இன்னொரு பைப். படியை வழுவழுப்பாப் பூச விடாதேங்கோ, தும்புத்தடியாலை இழுத்துச் சொரசொரப்பா விடச் சொல்லுங்கோ.

அந்தத் தொட்டியிலை எப்பவாவது பூச்சிமருந்தோ உரமோ கரைச்சதோ எண்டு விசாரியுங்கோ. கரைச்சதெண்டால் அந்தத் தொட்டி வேண்டாம். இல்லையெண்டால் பாசியை உரஞ்சிக் கழுவி, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணி இறையுங்கோ. குளோரின் தேவையில்லை, பயிற்சி முடிஞ்ச உடனை தண்ணியை வாழைக்குத் திறந்து விடுங்கோ. தேக்கி வைச்சால் டெங்கு நுளம்பு பெருகும், அயல் பிள்ளைகள் விழுற ஆபத்தும் இருக்கு. காலமை இறைச்சு விட்டால் பின்னேரம் நாலு மணிக்கு வெயிலிலை சூடாகி நிக்கும், 33 பாகை இல்லாட்டிலும் குளிராது. மோட்டர் ஓடேக்கை ஆள் தொட்டிக்குள்ளை நிக்கக்கூடாது. கரண்ட் வயர் ஈரத்திலை கிடக்கிற தோட்டம் எத்தினையோ கண்டிருக்கிறன். மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு இறங்குங்கோ.

முதல் நாள் முழுக்க நிரப்பாதேங்கோ. இடுப்பளவு விட்டு, நீங்களும் கூட இறங்கி, கையைப் பிடிச்சுக்கொண்டு அங்காலை இஞ்சாலை நடவுங்கோ. அவ தன்ரை பாதத்தைக் குனிஞ்சு பாக்கட்டும். அடுத்தடுத்த நாளிலை அவ சொல்லுற அளவுக்குத் தண்ணியைக் கூட்டுங்கோ. கட்டாயப்படுத்தாதேங்கோ, பயந்த உடம்பு இறுகும், இறுகின காலிலை பயிற்சி சரிவராது.

நல்லூருக்கு இன்னும் மாதங்கள் இருக்கு. மூண்டு மாதம் விடாமல் செய்தால் வெளிவீதிக்கு நம்பிக்கையோடை ஆயத்தப்படுத்தலாம். அது மணல், வெறுங்கால். அதாலை ரண்டாம் மாதத்திலையிருந்து தோட்டத்து மண்ணிலையும் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்கோ. பாரத்தையும் மறக்காதேங்கோ. ஒரு கிலோ குறைஞ்சால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலிலை நாலு கிலோ குறையும். இரவுப் புட்டைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டினாலே தொடக்கத்துக்குப் போதும்.

இண்டைக்கே ஒண்டு செய்யுங்கோ. கை இல்லாத கதிரையைச் சுவரோடை வைச்சு, அம்மாவைக் கையை நெஞ்சிலை கட்டிக்கொண்டு இருந்து எழும்பச் சொல்லுங்கோ. 30 செக்கனிலை எத்தினை தரம் முழுசா எழும்புறா எண்டு எண்ணி, திகதியோடை எழுதி வையுங்கோ. கை ஊண்டாமல் எழும்ப ஏலாட்டில் அதையும் எழுதுங்கோ. நாலு கிழமைக்கு ஒருக்கா திரும்ப எண்ணுங்கோ. எக்ஸ்ரே மாறாது, இந்த எண்ணிக்கை மாறும். மேசன் படியைக் கீறித் தந்தால், பூச முதல் அந்தப் படத்தை இஞ்சை போடுங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்.